கோட்டையை விட்டு வெளியே வந்த தேசிங்குராஜன்

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருகிறவன் ராஜா தேசிங்கு. அவன் ஆண்டது சில மாதங்களே. ஆனால் 300 ஆண்டுகள் கடந்தும் தெருக்கூத்தில் அவன் குதிரை ஓடிக்கொண்டே இருக்கிறது!

அவன் இயற்பெயர் தேஜ்சிங். பந்தேல்கண்டு ரஜபுத்திரன். தந்தை சொரூப்சிங், மொகலாயரின் சார்பில் செஞ்சியை நிர்வகித்தவர்.

கப்பப் பாக்கி

தந்தை இறந்ததும் தேசிங்கு பொறுப்பேற்றான். தந்தை வைத்த கப்பப் பாக்கியைக் கேட்டார் ஆற்காட்டு நவாப் சாததுல்லாகான். செஞ்சி டில்லி பாதுஷா கொடுத்தது, நவாபுக்குக் கட்டமாட்டேன் என்று தேசிங்கு மறுத்தான். நவாப் படையெடுத்தார்.

முன்பு நடந்த போர்

செஞ்சியில் மூன்று குன்றுகள். மூன்றையும் இணைத்து மதில். 1690-ல் சிவாஜியின் மகன் ராஜாராம் இதற்குள் இருந்தான். மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் முற்றுகையிட்டான். 1698-ல்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டான்!

மதில் மட்டுமா காத்தது? சந்தாஜி, தனாஜி என்ற இரு தளபதிகளின் குதிரைப்படை வெளியே இருந்தது. மொகலாயருக்கு வரும் தானியத்தை மடக்கும். பெரும்படை திரும்புமுன் மறைந்துவிடும். முற்றுகையிட்டவர்களே பட்டினி கிடந்தார்கள்.

தேசிங்குக்கு அப்படி வெளியே யாரும் இல்லை. கையில் இருந்தவர்களோ சில நூறு பேர். நீண்ட மதிலைக் காக்க அது போதாது. அவன் குதிரையேறி வெளியே பாய்ந்தான்.

கடலிப் போர்

1714 அக்டோபர். நவாபிடம் 8,000 குதிரை வீரர்கள், 10,000 சிப்பாய்கள். தேசிங்கிடம் ஏறத்தாழ 350 குதிரைகள். வராகநதியில் வெள்ளம். குதிரைகளை ஆற்றில் இறக்கிக் கடந்தான்.

உடன் வந்தவன் ஆருயிர் நண்பன் மகமத்கான். கலியாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்தான் என்கிறது கதைப்பாட்டு. ரஜபுத்திரனுக்காக ஒரு முஸ்லிம் உயிர் கொடுத்த போர் இது.

முதல் பாய்ச்சலில் நவாபின் படை கலங்கியது. தளபதி தவுலத்கான் மாண்டான். ஆனால் சந்தாஜியைப் போல் அடித்துவிட்டு விலக தேசிங்கு நினைக்கவில்லை. எதிரிகள் சூழ்ந்தார்கள். மகமத்கான் விழுந்தான். குதிரை வெட்டுண்டது. தேசிங்கு தரையில் நின்று போரிட்டான். துப்பாக்கிக் குண்டு பாய்ந்து சாய்ந்தான். அப்போது வயது 22 என்பார்கள்.

அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் அமைத்ததே ராணிப்பேட்டை என்பது வழிவழிச் செய்தி.

கடலிக்கு அருகே நீலாம்பூண்டியில், மகமத்கானுக்கும் தேசிங்கின் குதிரைக்கும் உரிய சமாதிகளை மக்கள் காட்டுகிறார்கள். பாக்கிப் பணக் கணக்கு மறைந்துவிட்டது. நட்பின் கணக்கை ஊர் மறக்கவில்லை.