தோட்டத்தை வாங்கித் தந்த துன் சம்பந்தன்

திகாம் பத்து வட்டாரம் போன்ற கெடா தோட்டப்புறங்களில் நம் தாத்தா பாட்டிமார் வெட்டிய பால்மரமும் குடியிருந்த லயமும் துரைமாருக்கே சொந்தம். 1957இல் நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினர். தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்து நின்றனர்.

இந்தத் துயருக்கு வழி தேடியவர் துன் வீ.தி. சம்பந்தன். 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவர், நாட்டின் அமைச்சர். தொழிலாளர்களே ஒன்றுகூடித் தோட்டத்தை வாங்கினால் என்ன என்று சிந்தித்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தோட்டம் தோட்டமாகச் சென்று உறுப்பினர் சேர்த்தார். தொழிலாளர்கள் தங்கள் சொற்ப சம்பளத்திலிருந்து தவணை முறையில் பங்குப் பணம் கட்டினர். மறு ஆண்டே நமது கெடாவின் புக்கிட் சீடிம், சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று.

துண்டாடலில் சிதறிய எல்லாத் தோட்டங்களையும் அவரால் மீட்க இயலவில்லை. 1979இல் துன் மறைந்தார். சங்கம் இன்றும் நிலைத்து நிற்கிறது. மேடைப் பேச்சோடு நில்லாமல், கூலியாக வந்த சமுதாயத்தை நிலவுடைமையாளராக்க முனைந்தவர் அவர். பட்டம் பெற்று வெளியேறும் நாம் கற்க வேண்டிய பாடம் அதுவே.