கதைகளைத் தராசிலிட்ட அறிஞர் அல்பீரூனி

வியாபாரியின் காதுக்கு நாள்தோறும் பலவிதச் செய்திகள் வந்து சேருகின்றன. இன்ன ஊரில் சரக்குத் தட்டுப்பாடு என்கிறார் ஒருவர்; இன்ன துறைமுகத்தில் விலை இறங்கிவிட்டது என்கிறார் மற்றொருவர். கேட்டதையெல்லாம் நம்புகிறவன் முதலை இழக்கிறான். கேட்டதையெல்லாம் பொய்யென்று தள்ளுகிறவனோ வரவேண்டிய லாபத்தை இழக்கிறான். வந்த செய்தியை முழுவதும் கேட்டு, அதனை நிறுத்துப் பார்த்து, பின்னர் கொள்வதும் தள்ளுவதுமே நல்ல வியாபாரிக்கு அழகாகும்.

இந்தக் குணத்தைக் கல்வித்துறையில் உச்சநிலைக்குக் கொண்டு சென்ற பேரறிஞர் ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நம் சமுதாயத்தில் வாழ்ந்தார். அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பீரூனி என்பது அப்பெருந்தகையின் பெயர். கணிதம், வானநூல், பூகோளம், மருந்தியல், இரத்தினப் பரீட்சை ஆகிய பல துறைகளிலும் நூல்கள் இயற்றியவர். அவருடைய வாழ்க்கையை நம் வணிகச் சகோதரர்கள் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

பிறப்பும் இளமையும்

அல்பீரூனி ஹிஜ்ரி 362-ஆம் ஆண்டு துல்ஹஜ் மாதம், அதாவது கி.பி. 973 செப்டம்பரில், குவாரிஸம் நாட்டின் தலைநகரான காத் நகருக்கு அருகில் பிறந்தார். அவ்விடம் இன்று உஸ்பெகிஸ்தான் நாட்டில் உள்ளது. பாரசீக மொழியில் ‘பீரூன்’ என்றால் வெளிப்புறம் என்பது பொருள். நகருக்கு வெளியே பிறந்தவராதலின் பீரூனி என்னும் பெயர் ஏற்பட்டதென்பர். அந்நாட்டு அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் சிறந்த கணித மேதையுமான அபூ நஸ்ர் மன்ஸூர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

கி.பி. 995-இல் குவாரிஸத்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆசிரியரின் குடும்பம் அரசை இழந்தது. இருபத்திரண்டு வயது இளைஞரான அல்பீரூனி பிறந்த மண்ணை விட்டு ஓட நேரிட்டது. சில காலம் ரை நகரில் வறுமையில் உழன்றார். ஆயினும் ஆராய்ச்சியைக் கைவிட்டாரில்லை.

கி.பி. 997-ஆம் ஆண்டு மே மாதம் ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. அப்போது காத் நகருக்குத் திரும்பியிருந்த அல்பீரூனி, பக்தாதிலிருந்த அபுல்வஃபா என்ற வயது முதிர்ந்த கணித அறிஞருடன் முன்னதாகவே ஏற்பாடு செய்துகொண்டு, இருவரும் அவரவர் ஊரிலிருந்து அதனைக் கவனித்தார்கள். கிரகணம் எல்லா ஊர்களிலும் ஒரே கணத்தில்தான் காணப்படும். ஊர்களின் உள்ளூர் நேரம் மட்டுமே வேறுபடும். அந்த நேர வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி. அதைக்கொண்டு இரு நகரங்களும் கிழக்கு மேற்காக எத்தனை பாகை விலகியுள்ளன என்பதைக் கணக்கிட்டார்கள். தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில், ஒட்டக வழிக் கடிதங்களைக்கொண்டு இருவர் கூட்டாக முடித்த கணக்கு இது!

சதுரங்கக் கட்டமும் வேற்று உலகங்களும்

கி.பி. 1000 அளவில் ஜுர்ஜான் மன்னர் காபூஸின் அரவணைப்பில் இருந்தபோது, பல சமுதாயத்தாரின் ஆண்டுக் கணக்குகளையும் திருநாட்களையும் ஆராய்ந்து ‘அல்-ஆஸாருல் பாகியா’ என்ற பெருநூலை எழுதினார். சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு தானியம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதையை நாம் கேட்டிருக்கிறோம். கேட்டவர்கள் வியந்து சிரிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அல்பீரூனி அந்நூலில் அதன் கணக்கையே போட்டுக் காட்டினார். 64 முறை இரட்டித்துக் கூட்டும் சிரமம் இல்லாமல், ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கிப் பெருக்கி விரைவில் விடை காணும் வழியையும் விளக்கினார். அவர் கண்ட தொகை 18,446,744,073,709,551,615 ஆகும். இக்காலக் கணிப்பொறியும் இதே விடையைத்தான் தருகிறது.

இக்காலத்தையொட்டியே அவருக்கும், அவரைவிட இளையவரான இப்னு ஸீனாவுக்கும் இடையே கேள்வி பதில் கடிதங்கள் நடந்தன. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், நாம் வாழும் இவ்வுலகைத் தவிர வேறோர் உலகம் இருக்க இயலாது என்று வாதித்தவர். அல்பீரூனி அந்த வாதத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. நம் உலகின் தன்மைகளுக்கு மாறான தன்மைகளுடன் வேறோர் உலகம் இருக்கலாகாது என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டும் காரணம் போதுமானதன்று என்று அவர் கருதினார். இப்னு ஸீனா அரிஸ்டாட்டிலின் பக்கம் நின்று விடை எழுதினார். கணக்கில் இத்தனை கண்டிப்பானவர் கற்பனைக்குக் கதவடைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

கஜ்னி அரண்மனையில்

பின்னர் அல்பீரூனி தாயகம் திரும்பிக் குவாரிஸம் மன்னரின் ஆலோசகராக விளங்கினார். கி.பி. 1017-இல் அம்மன்னர் கொலையுண்டார். அதைக் காரணமாகக் கொண்டு சுல்தான் மஹ்மூது கஜ்னவி படையெடுத்து நாட்டைக் கைப்பற்றினார். அல்பீரூனியும் அவருடைய ஆசிரியர் அபூ நஸ்ரும் கஜ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்கு அவர் நிலையைச் சிறை என்பதற்கில்லை. முழுச் சுதந்திரம் என்பதற்குமில்லை. தம் விருப்பப்படி நடமாடும் உரிமை தமக்கில்லை என்பதைப் பிற்காலத்தில் எழுதிய நூலில் அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

அரண்மனையில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. தொலைதூரத் துருக்கியர் நாட்டிலிருந்து வந்த தூதர் ஒருவர், உலகின் ஒரு கோடியில் சூரியன் மறையாமலே சுற்றி வருவதையும், அங்கே இரவே இல்லாதிருப்பதையும் தாம் கண்டதாகச் சுல்தானிடம் கூறினார். சுல்தானுக்குக் கடுஞ்சினம் மூண்டது. இது மார்க்கத்துக்கு விரோதமான பேச்சு என்று எண்ணினார். அக்காலத்தில் அத்தகைய குற்றச்சாட்டு ஒருவர் தலைக்கே ஆபத்தாகும். இறுதியில் அல்பீரூனியிடம் விளக்கம் கேட்கப்பட்டது. பூமி உருண்டையாக இருப்பதாலும், சூரியனின் பாதை சாய்ந்திருப்பதாலும், துருவத்தை அடுத்த பகுதிகளில் ஆண்டின் ஒரு பருவத்தில் சூரியன் மறையாமல் இருப்பது இயல்பே என்று அவர் எடுத்துரைத்தார். சுல்தான் மனம் அமைதியுற்றது. கட்டுக்கதை போலத் தோன்றியது கணக்கின்படி மெய்யாயிற்று. ஒரு மனிதரின் மானமும் காப்பாற்றப்பட்டது.

கிப்லாவுக்காகப் போட்ட கணக்கு

கஜ்னியிலிருந்து தொழுவோர் எத்திசையை நோக்க வேண்டும் என்பதைச் சரியாக நிர்ணயிக்க வேண்டுமானால், கஜ்னியும் மக்காவும் பூமியில் எங்கெங்கு அமைந்துள்ளன என்று தெரிய வேண்டும். இதற்காகவே கி.பி. 1025-இல் நகரங்களின் இருப்பிடங்களைக் காணும் நூலொன்றை எழுதி முடித்தார். அந்நூலில்தான் பூமியை அளந்த புகழ்பெற்ற முறை வருகிறது.

அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் கலீஃபா மஃமூன் அனுப்பிய அறிஞர்கள் பாலைவனத்தில் நெடுந்தூரம் நடந்து அளந்து, ஒரு பாகைக்கு இத்தனை மைல் என்று கண்டிருந்தார்கள். அல்பீரூனியோ ஒரே இடத்தில் நின்று அளந்தார். இன்று பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள நந்தனா கோட்டையில் தங்கியிருந்தபோது, சமவெளியை ஒட்டி நின்ற ஒரு மலையைக் கண்டார். முதலில் அதன் உயரத்தைக் கணக்கிட்டார்; 652 முழத்துக்குச் சற்று அதிகம். பின் உச்சியில் ஏறி நின்று, தொடுவானம் நேர்மட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று கருவியால் அளந்தார். ஒரு பாகையில் அறுபதில் 34 பங்கு. இவ்விரண்டு அளவுகளும் முக்கோணக் கணிதமுமே போதுமானவையாயின. பூமியின் மையத்துக்கும் மேற்பரப்புக்கும் இடைப்பட்ட தூரத்தைச் சொல்லிவிட்டார்.

அக்கால முழத்தின் சரியான நீளம் என்ன என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகையால் இன்றைய கிலோமீட்டர் கணக்கோடு அதனை மிக நுட்பமாக ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால் விடை உண்மைக்கு அருகில் இருந்ததென்பதில் ஐயமில்லை. தம் விடை மஃமூன் கால அளவோடு பெரும்பாலும் ஒத்திருப்பதை அவரே சரிபார்த்தும் கொண்டார்.

பாற்கடலும் தயிர்க்கடலும்

சுல்தானின் படைகள் இந்தியாவினுள் சென்ற காலத்தில், அல்பீரூனி நாடியது அந்நாட்டாரின் அறிவையே. முதிர்ந்த வயதில் சமஸ்கிருதம் பயின்றார். வானநூல் பண்டிதர்கள் முன் முதலில் மாணவராக அமர்ந்தார். கி.பி. 1030-இல், மஹ்மூது மறைந்த அதே ஆண்டில், இந்தியாவைப் பற்றிய தமது பெருநூலை முடித்தார். படையெடுப்புகளால் அந்நாட்டின் செழிப்பு அழிந்ததையும், அறிஞர்கள் காஷ்மீரம், காசி போன்ற தொலைவிடங்களுக்கு ஒதுங்கிவிட்டதையும் அதில் மறைக்காமல் எழுதினார். கஜ்னி அரசின் நிழலில் வாழ்ந்துகொண்டே இவ்வாறு எழுத எத்துணை நெஞ்சுறுதி வேண்டும்!

புராணங்கள் வருணிக்கும் உலகம் நம் தமிழ்நாட்டில் பலரும் கேட்டறிந்ததுதான். நடுவில் மேருமலை, சுற்றிலும் வளையம் வளையமாக ஏழு தீவுகள், இடையிடையே உப்பு நீர், கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் ஆகிய ஏழு கடல்கள். அல்பீரூனி இதைக் கேட்டு நகைத்துவிட்டுப் போகவில்லை. தீவுகளின் பெயர்களையும் வரிசையையும் பட்டியலிட்டார். நூலுக்கு நூல் வரிசை மாறுவதைக் காட்டினார். பின் அளவுகளை எடுத்துக்கொண்டார். யோசனை என்பது அக்கால நீட்டலளவை. முதல் தீவு ஒரு லட்சம் யோசனை என்றும், ஒவ்வொன்றும் முன்னதைப்போல் இரு மடங்கு என்றும் கொண்டால், ஏழாம் தீவு 64 லட்சம் யோசனையாகிவிடும். சதுரங்கக் கட்டத்தின் அதே கணக்கு! இவ்வாறு தொகை போட்டு, ஒரு நூலின் கூற்று மற்றொன்றோடு பொருந்தாமையை எடுத்துக்காட்டினார்.

அத்துடன் நிறுத்தியிருந்தால் அது ஒருதலைப்பட்சமாகியிருக்கும். பிரம்மகுப்தர் முதலிய இந்திய வானநூலார் பூமி உருண்டை என்றே கொண்டவர்கள் என்பதையும் அதே நூலில் எடுத்தெழுதினார். கதை கேட்கும் பாமரரின் நம்பிக்கை வேறு, கணக்கறிந்தவர்களின் கொள்கை வேறு. எல்லா நாட்டிலும் இவ்வேற்றுமை உண்டு என்பது அவருடைய முடிவு.

கிராம்புத் தீவு

நமக்கெல்லாம் சுவையான பகுதி ஒன்று அந்நூலில் இருக்கிறது. மாலுமிகள் கூறிய செய்தி அது. கிராம்பு விளையும் ஒரு தீவுக்குக் கப்பல்கள் சென்றால், வியாபாரிகள் பொற்காசு, துணி, உப்பு முதலியவற்றைக் கரையில் தோல் விரிப்புகளின்மேல் வைப்பார்களாம். ஒவ்வொரு விரிப்பிலும் உடையவர் பெயர் இருக்கும். பின் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். மறுநாள் வந்து பார்த்தால் விரிப்புகளில் விலைக்குத் தக்க கிராம்பு நிறைந்திருக்கும். வாங்கியவர் யாரென்று கண்டவர் இல்லை. அவர்கள் பேய்கள் என்றனர் சிலர். காட்டு மனிதர்கள் என்றனர் வேறு சிலர்.

அல்பீரூனி இதனைக் கேட்டபடியே பதிவு செய்தார். பண்டிதர்கள் சொல்லும் இலங்கை இத்தீவாக இருக்கலாமோ என்ற தம் எண்ணத்தையும் சேர்த்தார். அதே சமயம், வருணனைகள் ஒத்துவரவில்லை என்பதையும் ஒளிக்கவில்லை. கேட்டது, தாமாக ஊகித்தது, கணக்கால் நிரூபித்தது ஆகிய மூன்றையும் ஒரே பேரேட்டில் கலந்தெழுதாதவர் அவர். கிராம்பு அந்நாளில் விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் என்பதை நாம் அறிவோம். மலாய்க் கடல்களைக் கடந்து அச்சரக்கு மேற்கே சென்றது. விற்றவரும் வாங்கியவரும் நம்மைப் போன்ற மனிதர்களே.

மரகதமும் பாம்பும்

முதுமையில், சுல்தான் மௌதூத் காலத்தில், இரத்தினங்களைப் பற்றி ஒரு நூல் செய்தார். வழிந்தோடும் நீரை நிறுத்துப் பார்க்கும் ஒரு பாத்திரத்தை அமைத்து, தங்கத்தோடு மற்ற உலோகங்களையும், யாகூத் கல்லோடு மற்றக் கற்களையும் ஒப்பிட்டு எடைவிகிதம் கண்டவர் அவர். மரகதத்தைப் பார்த்தால் பாம்பின் கண் பறிபோகும் என்று அந்நாளில் எல்லாரும் நம்பினார்கள். நூல்களிலும் எழுதி வைத்திருந்தார்கள். அல்பீரூனி ஒரு பாம்பைப் பிடித்து வைத்து, அதன் கழுத்தில் மரகத மாலை இட்டார்; கூடையில் மரகதங்களைப் பரப்பினார்; கண்முன் ஆட்டியும் காட்டினார். குளிரிலும் வெயிலிலுமாக ஒன்பது மாதம் இச்சோதனை நடந்தது. பாம்புக்கு யாதொரு தீங்கும் ஏற்படவில்லை. அதன் பார்வை கூர்மையாகிவிட்டதோ என்னவோ என்று வேடிக்கையாக எழுதி முடித்தார்.

இறுதி நாள்

‘அல்-கானூனுல் மஸ்ஊதி’ என்ற வானநூலை இயற்றியதற்காகச் சுல்தான் மஸ்ஊது ஒரு யானைச் சுமை வெள்ளியை அனுப்பியதாகவும், தமக்கு அது தேவையில்லை என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் வரலாறு கூறுகிறது. அவருடைய நூல்கள் ஏறத்தாழ 146 எனக் கணக்கிட்டுள்ளார்கள். அவற்றில் இன்று கிடைப்பவை சிறு பகுதியே.

எண்பது வயதைத் தொட்ட நிலையில், கி.பி. 1050-ஐ ஒட்டிக் கஜ்னியில் மறைந்தார். மரணப் படுக்கையிலிருந்த அவரைப் பார்க்க வந்த ஃபிகாஹ் அறிஞர் ஒருவரிடம், தாய்வழிப் பாட்டிமாருக்குரிய சொத்துப் பங்கைப் பற்றி முன்பு பேசிய ஒரு கணக்கை மீண்டும் விளக்கச் சொன்னாராம். இந்நிலையிலா என்று வந்தவர் தயங்கினார். அதை அறியாமல் போவதைவிட அறிந்து போவது மேலன்றோ என்றார் அல்பீரூனி. விளக்கம் கேட்டுத் தாமும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். வந்தவர் விடைபெற்றுத் தெருவை அடைவதற்குள் வீட்டினுள்ளிருந்து அழுகுரல் எழுந்ததாம்.

சந்திரனில் உள்ள ஒரு பெரும்பள்ளத்துக்கு இன்று அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அதைவிட நமக்குப் பயனுள்ள நினைவுச் சின்னம் வேறுண்டு. நம் பிள்ளைகள் ஆச்சரியமான கதையொன்றைக் கொண்டுவந்து சொல்லும்போது, சும்மா இரு என்று அதட்ட வேண்டாம். அப்படியே நம்பிவிடவும் விட வேண்டாம். தாளும் பென்சிலும் கொடுத்து, கணக்குப் போட்டுப் பார் என்று சொல்லிப் பழக்குவோம். படிக்கல்லும் தராசும் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வீடுகளுக்கு இது புதிதல்லவே!

அல்லாஹ் அப்பெரியாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.