ஆழிக்குமரன் ஆனந்தன்

கடலை எல்லையாகக் கருதாது வழியாகக் கருதிய மக்களைப் பெற்றது வல்வெட்டித்துறை. அவ்வூரிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அத்திலாந்திக் கடலைக் கடந்து 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அத்தகைய மரபில் 1943ஆம் ஆண்டிற் பிறந்தவர் விவேகானந்தன் செல்வக்குமார் ஆனந்தன். தொழிலாற் சட்டத்தரணி, புகழால் ஆழிக்குமரன்.

பாக்கு நீரிணையை நீந்திக் கடத்தல் அவருக்கு முன்னரே நிகழ்ந்ததுண்டு. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டில் வல்வெட்டித்துறையிலிருந்து நீந்திக் கோடிக்கரை சேர்ந்தார். ஆனந்தன் 1971ஆம் ஆண்டில் அவ்வழியே சென்றதோடமையாது, மீண்டும் நீந்தியே ஊர் திரும்பினார். ஏறக்குறைய 51 மணித்தியாலம் கடல்நீரிற் கழிந்தது. உப்புநீர் நாவைப் புண்படுத்தும். சொறிகள் உடலைத் தீண்டும். உறக்கமோ விடாது அழைக்கும். இவையனைத்தினும் அரியது ஒன்றுண்டு. களைத்த உடலோடு அக்கரை சேர்ந்தவன், நிலத்தில் இளைப்பாற விழையும் மனத்தை அடக்கி, மீண்டும் அலையை நோக்கித் திரும்பும் அக்கணமே அது. இருவழிப் பயணத்தின் வெற்றி அத்திருப்பத்திலேயே தங்கியிருந்தது.

அதன்பின் அவர் நாட்டிய சாதனைகள் பல. 1979ஆம் ஆண்டு மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் 187 மணித்தியாலத்துக்கு மேலாகத் துவிச்சக்கர வண்டி ஓட்டினார். மறு ஆண்டில் 33 மணித்தியாலம் ஒற்றைக் காலில் நின்றார். கின்னஸ் நூல் அவர் பெயரைப் பொறித்தது. இவற்றாற் பயன் யாது என வினவுவாரும் உளர். விரைவிற் பிறரை வெல்வது ஒருவகை ஆற்றல். தன் உடலின் சோர்வைத் தானே வெல்வது பிறிதொருவகை. எதிரி எவருமின்றி நிகழும் இப்போரில் ஆரவாரம் குறைவு, துன்பமோ மிகுதி. முற்காலத்துத் தவத்தோர் மேற்கொண்ட உடலடக்கத்துக்கு அண்மையது அது.

எஞ்சியிருந்தது ஆங்கிலக் கால்வாய். 1875ஆம் ஆண்டில் மத்தியூ வெப் என்னும் ஆங்கிலேயர் அதனைத் துணையின்றி முதன்முதல் நீந்திக் கடந்தார். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 21 மைல். பாக்கு நீரிணையை இருமுறை அளந்த கைகளுக்கு அது சிறிதெனத் தோன்றலாம். ஆயின் நம் கடல் வெதுவெதுப்பானது. அக்கடலோ கோடையிலும் குளிர் நீங்காதது. வெப்பங் காக்கும் உடையை அணிதலும் அங்கே விதிக்குப் புறம்பானது. 1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அம்முயற்சியிலேயே ஆனந்தனின் உயிர் பிரிந்தது. அப்போது வயது 41.

வென்ற கடலாற் புகழும், வெல்லாத கடலாற் சாவும் எய்திய வாழ்வு இது. துணிவு ஒன்றே கடலுக்குப் போதாது என்பதையும், துணிவின்றிக் கடலில் இறங்குதல் இயலாது என்பதையும் அது ஒருங்கே உணர்த்துகின்றது. வல்வெட்டித்துறையில் அவர் பெயர் தாங்கிய நீச்சல் தடாகம் அமைந்துள்ளது. அங்கே நீச்சல் பயிலும் இளையோர் இவ்விரண்டு உண்மைகளையும் கற்பாராயின், அதுவே அன்னாருக்குத் தகுந்த நினைவாகும்.