கதவில் படுத்து வந்த டாக்டர்!

குட்டீஸ்... காசநோய் என்றால் நுரையீரலில் மட்டும் தான் வரும் என்று நினைக்கிறீர்களா? முதுகெலும்பிலும் வரும். அதற்கு, 'பாட்ஸ் நோய்' என்று பெயர். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர், பெர்சிவல் பாட்.

இவர், 1714ல் லண்டனில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். உறவினரான பிஷப் ஒருவர் தான் குடும்பத்துக்கு உதவினார். பெர்சிவல் விரும்பியிருந்தால் பாதிரியார் ஆகி, வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், அவருக்கு சர்ஜன் ஆகத் தான் ஆசை. செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனை சர்ஜன் எட்வர்டு நோர்ஸிடம் சீடராகச் சேர்ந்தார். 1749ல் அங்கேயே சர்ஜன் ஆனார்.

1756ம் ஆண்டு குளிர்காலம். குதிரையில் போனபோது கீழே விழுந்தார். கால் எலும்பு முறிந்து, தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. அசைத்தால் ஆபத்து என்பது அவருக்குத் தெரியும். யாரையும் தொட விடாமல், குளிர்ந்த தரையிலேயே படுத்திருந்தார். பல்லக்கு தூக்குபவர்களை வரவழைத்தார். ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதில் பல்லக்குக் கம்புகளை ஆணியடித்துப் பொருத்தச் சொன்னார். அந்தக் கதவில் படுத்தபடியே வீடு வந்து சேர்ந்தார்!

வந்த சர்ஜன்கள், காலை வெட்டியே ஆக வேண்டும் என்றனர். பெர்சிவலும் சம்மதித்தார். அப்போதெல்லாம் மயக்க மருந்து கிடையாது. கருவிகள் தயாராகிக் கொண்டிருந்த நேரம், குரு நோர்ஸ் வந்தார். காலைப் பார்த்துவிட்டு, முயன்றால் காப்பாற்றலாம் என்றார். கால் பிழைத்தது! படுக்கையில் கிடந்த நாட்களில் தான், மருத்துவ நூல் எழுத ஆரம்பித்தார் பெர்சிவல்.

கூன் விழுந்து, கால்கள் செயலிழந்த குழந்தைகள் பலர் அவரிடம் வந்தனர். முதுகெலும்பு இடம் பெயர்ந்ததே காரணம் என்று பலரும் நம்பினர். முதுகெலும்பே நோயால் அரிக்கப்படுகிறது என்று, 1779ல் எழுதினார் பெர்சிவல். கூனின் இரு பக்கமும் தோலில் புண் உண்டாக்கி, சீழை வடிய வைப்பதே அவரது சிகிச்சை. கேட்கவே பயமாக இருக்கிறதல்லவா? சிலர் மீண்டும் நடந்ததாக அவர் எழுதியுள்ளார்.

லண்டனில் புகைபோக்கி சுத்தம் செய்த சிறுவர்கள், பெரியவர்களானதும் புற்றுநோயால் அவதிப்பட்டனர். அதற்குக் கரியே காரணம் என்று, 1775ல் சொன்னவரும் இவர் தான். 1788 டிசம்பரில், கடும் குளிரில் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போய், உடல்நலம் கெட்டு இறந்தார்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்தது, 1882ல் தான். அந்தக் கிருமி, ரத்தம் வழியாக முதுகெலும்புக்குப் போய், எலும்பை அரிக்கிறது; எலும்பு நொறுங்கி முன்பக்கம் சரிவதால், கூன் விழுகிறது. சீழ், தண்டுவடத்தை அழுத்தினால், கால்கள் செயலிழக்கும்.

1911ல், நியூயார்க் சர்ஜன்கள் ஹிப்ஸ், ஆல்பீ இருவரும் தனித்தனியே, முதுகெலும்புகளை ஒன்றாக இணைக்கும் முறையைச் செய்து காட்டினர். 1950களில், ஹாங்காங்கில் ஆர்தர் ஹாட்சன் குழுவினர், முன்பக்கமாகத் திறந்து, அரித்த எலும்பை நீக்கி, நோயாளியின் உடலில் இருந்தே எடுத்த எலும்புத் துண்டை அங்கே பொருத்தினர்.

அதன்பின், சென்னை உட்பட சில ஊர்களில் ஆய்வுகள் நடந்தன. பெரும்பாலானவர்களுக்கு மாத்திரைகளே போதும் என்பது தெரிந்தது. தண்டுவடம் கடுமையாக அழுத்தப்பட்டாலோ, எலும்பு மிகவும் வளைந்தாலோ தான், இப்போது கத்தியை எடுக்கின்றனர்.