புள்ளிச் சோளத்தின் ரகசியம்

நாம் சுட்டுத் தின்னும் மக்காச்சோளக் கதிரில் மணிகள் எல்லாம் ஒரே மஞ்சளாக இருக்கும். அமெரிக்காவில் ஊதா, சிவப்பு, வெள்ளை எனப் பல நிற மணிகள் உள்ள சோளமும் உண்டு. சில மணிகளில் மை தெளித்தது போலப் புள்ளிகள் கூட இருக்கும். அந்தப் புள்ளிகள் எப்படி வந்தன என்று பல ஆண்டுகள் விடாமல் ஆராய்ந்தவர் பார்பரா மெக்ளின்டாக்.

இவர் 1902ம் ஆண்டு ஜூன் 16ம் தேதி, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். அப்பா டாக்டர். பெற்றோர் முதலில் வைத்த பெயர் எலினார். இந்தத் துணிச்சல்காரப் பெண்ணுக்கு அவ்வளவு மென்மையான பெயர் பொருந்தாது என்று, பிறகு பார்பரா என மாற்றி விட்டனர்!

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரியில் சேர ஆசைப்பட்டார் பார்பரா. அம்மாவுக்கு இஷ்டமில்லை. ரொம்பப் படித்த பெண்ணை யார் கட்டிக் கொள்வார்கள் என்ற கவலை அவருக்கு. ராணுவ மருத்துவப் பணி முடிந்து ஊர் திரும்பிய அப்பா சம்மதித்ததால், 1919ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஒரு இசைக்குழுவில் பாஞ்சோ என்ற நரம்புக் கருவியும் வாசித்தார். 1927ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

செல்லுக்குள் நூல் போலக் கிடப்பவை குரோமோசோம்கள். மரபணுக்கள் இருப்பது அவற்றில்தான். பெற்றோரின் குணங்கள் பிள்ளைக்கு வருவது இந்த மரபணுக்களால்தான். சோளத்தில் 10 ஜோடி குரோமோசோம்கள் உண்டு. மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது எத்தனையாவது குரோமோசோம் என்று அடையாளம் சொல்லும் வித்தையைப் பார்பரா கண்டுபிடித்தார். 1941ல் நியூயார்க் அருகே கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்துக்கு வந்தவர், கடைசி வரை அங்கேயே இருந்தார்.

அங்கேதான் புள்ளிச் சோளம் அவரை இழுத்துப் பிடித்துக் கொண்டது. கதிருக்குப் பை மாட்டி, தன் கையாலேயே மகரந்தம் தூவி, ஒவ்வொரு மணியாகப் பார்த்துக் குறிப்பெழுதினார்.

வகுப்பில் உங்களுக்கென்று ஒரு இடம் இருக்கிறது அல்லவா? மரபணுக்களும் அப்படித்தான், இடம் மாறவே மாறாது என்று அன்றைய விஞ்ஞானிகள் நம்பினர். ஆனால், பார்பராவின் சோளத்தில் ஒரு துண்டு மட்டும் இடம் மாறிக் கொண்டே இருந்தது! அது தாவிப் போய், ஊதா நிறம் தரும் மரபணுவுக்குள் உட்கார்ந்தால், அந்த மரபணுவால் வேலை செய்ய முடியாது. மணி வெளுத்து விடும். மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு எழுந்து போய் விட்டால், அந்தச் செல்லிலும் அதிலிருந்து பிறக்கும் செல்களிலும் நிறம் திரும்பி விடும். அதுதான் புள்ளி! சீக்கிரம் எழுந்து போனால் பெரிய புள்ளி. தாமதமானால் சின்னப் புள்ளி.

இந்தக் குறும்புக்காரத் துண்டு தானாகத் தாவாது என்பது இன்னும் வேடிக்கை. 'ஆக்டிவேட்டர்' என்ற இன்னொரு துண்டும் அந்தச் செல்லில் இருக்க வேண்டும். டி.என்.ஏ.,வின் வடிவம் கூடத் தெரியாத காலத்தில், வயலையும் மைக்ராஸ்கோப்பையும் வைத்துக் கொண்டே இவ்வளவையும் கண்டறிந்தார் பார்பரா.

1951ல் ஒரு பெரிய கருத்தரங்கில் இதை விளக்கினார். பலருக்குப் புரியவே இல்லை. துண்டுகள் தாவுவதைச் சிலர் ஒப்புக் கொண்டனர். அவை மற்ற மரபணுக்களை சுவிட்ச் போல இயக்கவும் நிறுத்தவும் செய்கின்றன என்றதைத்தான் நம்ப மறுத்தனர். 1953ல் விரிவான கட்டுரை எழுதினார். அதற்கும் வரவேற்பில்லை. அதன்பின் இதைப் பற்றி வெளியே எழுதுவதைக் குறைத்துக் கொண்டார், ஆராய்ச்சியை நிறுத்தவில்லை.

1960களின் கடைசியில் பாக்டீரியாக்களிலும் தாவும் துண்டுகள் இருப்பதை மற்றவர்கள் கண்டனர். அப்புறம்தான் பார்பராவின் பழைய கட்டுரைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தனர். 1983ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 81. அந்தச் செய்தியை அவர் ரேடியோவில்தான் கேட்டார். மருத்துவ நோபலை யாருடனும் பங்கிடாமல் தனியாகப் பெற்ற பெண் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

சோளத்தின் டி.என்.ஏ.,வில் சுமார் 85 சதவீதமும், நம் உடம்பில் ஏறக்குறைய பாதியும் இப்படித் தாவும் துண்டுகளிலிருந்து வந்தவை என இப்போது தெரிந்திருக்கிறது. பயப்படாதீர்கள், நம்மிடம் உள்ளவற்றில் பெரும்பாலானவை தாவும் சக்தியை எப்போதோ இழந்து விட்டன. எப்போதாவது ஒன்று தப்பான இடத்தில் போய் உட்கார்ந்தால் நோய் வருவதும் உண்டு. சுளை ரத்தச் சிவப்பாக இருக்கும் ஒரு வகை ஆரஞ்சு இருக்கிறது. அதில் நிற மரபணுவின் அருகே உட்கார்ந்திருக்கும் ஒரு துண்டுதான், குளிர் பட்டதும் அந்த மரபணுவை முடுக்கி விடுகிறது. பார்பரா சொன்ன அதே சுவிட்ச் வேலை!

1992 செப்டம்பர் 2ல், 90வது வயதில் பார்பரா காலமானார். அதற்கு 2 ஆண்டுகள் முன்பு இங்கிலாந்தில் ஒரு குழு, மரபியலின் தந்தை மெண்டல் ஆராய்ந்த சுருங்கிய பட்டாணியைச் சோதித்தது. அது ஏன் சுருங்குகிறது தெரியுமா? அதன் ஒரு மரபணுவுக்குள், பார்பராவின் சோளத்தில் இருந்ததைப் போலவே ஒரு துண்டு தாவி உட்கார்ந்திருந்தது!