போல் இலாஞ்செவின்

உண்மை ஒன்றைக் கண்டறிதல் பெருமை. அதனை உலகுக்குப் பயன்படச் செய்தலும் பெருமையே. முன்னதை ஆசிரியரும் பின்னதை மாணாக்கரும் எய்திய வரலாறொன்று பிரான்சு தேசத்தில் உண்டு. அம்மாணாக்கரே போல் இலாஞ்செவின் என்னும் பௌதிக அறிஞர்.

இவர் 1872 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23 ஆம் நாள் பாரிஸ் மாநகரில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். பதினாறாம் வயதில் அந்நகரத்துப் பௌதிக இரசாயனக் கைத்தொழிற் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே இவருக்குச் செய்முறைப் பயிற்சி அளித்தவர் பியர் கியூரி.

பியர் கியூரியும் அவர்தம் தமையனாரும் 1880 இல் அரியதோர் இயல்பைக் கண்டறிந்திருந்தனர். குவாட்சு முதலிய சில பளிங்குகளை அமுக்கினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றும். மறுதலையாக, மின்னழுத்தம் கொடுப்பின் பளிங்கு மிக நுண்ணிய அளவில் விரிந்து சுருங்கும். அமுக்கமின் விளைவு எனப்படும் இவ்வியல்பு, நெடுங்காலம் ஆய்வுகூடத்து அளவைக் கருவிகளுக்கன்றிப் பிறிதொன்றுக்கும் பயன்படவில்லை.

இலாஞ்செவின் பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று தொம்சன் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். 1902 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1909 இல் பிரான்சுக் கல்லூரியிற் பேராசிரியரானார். இதற்கிடையே, 1906 இல், பியர் கியூரி வீதி விபத்தில் உயிர் நீத்தார்.

1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டது. சேர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் கண்ணுக்குத் தெரியாது வந்து கலங்களை மூழ்கடித்தன. கேளா ஒலியை நீரிற் செலுத்தி, அதன் எதிரொலியால் அவற்றைக் கண்டறியலாமென 1915 இல் சிலோவ்சுகி என்னும் உருசியப் பொறியியலாளர் யோசனை கூறினார். இலாஞ்செவின் அவருடன் கூடிச் சேன் நதியிற் சோதனை நடத்தினார். முதலிற் கையாண்ட கருவி போதிய வலிமை தரவில்லை. அப்பொழுதே தம் ஆசிரியரின் பளிங்கை அவர் நாடினார்.

ஆயினும் ஓர் இடர் எழுந்தது. மெல்லிய பளிங்குத் தகடு மிக உயர்ந்த மீடிறனுடனேயே நன்கு அதிரும். அத்தகைய அலையைக் கடல் நீர் விரைவில் உறிஞ்சிவிடும். தொலைவு செல்லச் செக்கனுக்கு ஏறக்குறைய 40,000 அதிர்வே தக்கது. அதற்கோ ஏழு சதம மீற்றர் தடிப்புள்ள பளிங்கு வேண்டும். அத்தடிப்பில் அகன்ற பளிங்கு கிடைத்தல் அரிது. கிடைப்பினும் அதனை இயக்க மிகப் பெரிய மின்னழுத்தம் தேவைப்படும்.

இவ்விடரை இலாஞ்செவின் வென்ற விதம் வியக்கத்தக்கது. நான்கு மில்லி மீற்றரளவு தடிப்புள்ள பளிங்குத் துண்டுகளைப் பக்கம் பக்கமாகப் பரப்பி, ஏறக்குறைய மூன்று சதம மீற்றர் தடிப்புள்ள இரண்டு உருக்குத் தகடுகளிடையே ஒட்டினார். அலையானது ஒரு படையினின்று மற்றொன்றிற் புகும் எல்லையில் ஒரு பகுதி ஊடுருவும்; ஒரு பகுதி மீளும். எவ்வளவு மீளும் என்பது இருபொருள்களின் அடர்த்தியையும் அவற்றில் ஒலி செல்லும் வேகத்தையும் பொறுத்தது. உருக்கிலும் பளிங்கிலும் ஒலியின் வேகம் பெரிதும் வேறுபடாது. எனவே அடுக்கின் மொத்தத் தடிப்பை அரை அலைநீளமாக அமைத்தால், மூன்று படைகளும் ஒரே பொருள் போல் ஒருங்கே அதிரும். சிறிய பளிங்கு தூண்ட, பெரிய உருக்கு உடன் அதிர்ந்தது.

அலையின் வன்மையால் அருகே நீந்திய மீன்கள் மடிந்தன. நீரிற் கைவைத்தோர் நோவுற்றனர். 1918 இன் தொடக்கத்தில் தூலோன் துறைமுகத்தில் நீர்மூழ்கிக் கப்பலின் எதிரொலி தெளிவாகக் கேட்டது. கருவி கப்பல்களிற் பரவுமுன் போர் முடிந்தது. பின்னர் அது கடலின் ஆழம் அளக்க உதவிற்று. இன்று குவாட்சின் இடத்தைப் பெரும்பாலும் மட்பாண்ட வகைப் பொருள்கள் பெற்றுள்ளன. ஆயினும் உலோகங்களிடையே அமுக்கமின் பொருளை வைக்கும் அமைப்பு இவர் பெயராலேயே வழங்குகின்றது. பல படைகளினூடே அலை செல்லும் வகையைக் கணிப்போர், ஒவ்வோர் எல்லையிலும் அசைவும் விசையும் மின்னழுத்தமும் பொருந்துமாறு சமன்பாடுகளை இன்றும் அமைக்கின்றனர்.

அறிவாற்றலில் மட்டுமன்றி நெஞ்சுரத்திலும் இவர் சிறந்தவர். நாற்சிகளின் கொடுங்கோன்மையை எதிர்த்தமையால் 1940 ஒற்றோபரிற் சிறைப்பட்டார். பின்னர் துரோவா நகரிற் காவலில் வைக்கப்பட்டார். மருமகனாரும் பௌதிக அறிஞருமான சாக் சொலமனை 1942 இற் சுட்டுக் கொன்றனர். மகளார் அவுசுவிற்சு முகாமுக்கு அனுப்பப்பட்டு, உயிர் தப்பி மீண்டார். இத்துயரெல்லாம் சூழ்ந்தும் முதியவர் தம் கொள்கையைக் கைவிட்டிலர். 1944 இல் சுவிற்சலாந்துக்குத் தப்பிச் சென்றார். நாடு விடுதலையடைந்ததும் திரும்பி, எளியோர் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி எட்டவேண்டுமென்று கல்விச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1946 திசெம்பர் 19 இல் மறைந்தார். 1948 இல் அவர் உடல் பந்தியனில் நாட்டின் பெரியோரிடையே வைக்கப்பட்டது.

மாணவச் செல்வங்களே! பியர் கியூரி பளிங்கின் இயல்பைக் கண்டபோது, அது கடலடியை அளக்குமென்று எவரும் எண்ணியிலர். வகுப்பறையில் இன்று கேட்கும் சிறு உண்மை எந்நாளில் எவருக்கு உதவுமென்று யாரும் அறியார். அதனைப் போற்றி வைத்திருந்து, வேளை வந்தபொழுது எடுத்து வழங்குவதே ஆசிரியருக்கு நாம் செலுத்தும் கடன்.