பதிப்பாசிரியர் சாமிநாதையர்

காவிரியும் அதன் கிளைகளும் பாய்ந்து நெல் விளைவிக்கும் தஞ்சை நாட்டில், பாபநாசத்திற்கு அணித்தாக உத்தமதானபுரம் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பத்தில் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் சாமிநாதையர் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். பொருள் வளம் இல்லாதவர். மகனும் இசை பயின்று சிறத்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுடைய உள்ளமோ தமிழையே நாடிற்று. பதினேழாம் வயதில் மாயூரத்தை அடைந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவரானார். 1876இல் ஆசிரியர் மறையும்வரை அவரை நீங்காது பாடம் கேட்டார். 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, கும்பகோணம் அரசினர் கல்லூரியில் அவர் வகித்த தமிழாசிரியர் பதவி இவருக்குக் கிடைத்தது.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அந்நகரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் கற்றீர் என்று முதலியார் வினவினார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என ஐயர் நெடும் பட்டியல் ஒன்று கூறினார். முதலியார் அதனைக் கேட்டு வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்நூலைக் கண்டதே இல்லை. பின்னர் முதலியாரே தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியை உதவினார். ஐயருடைய வாழ்நாட் பணி அன்று தொடங்கியது.

மாணவர்களே! அச்சிட்ட புத்தகத்தை விரித்தவுடன் நாம் எளிதாகப் படிக்கத் தொடங்கிவிடுகிறோம். சொல்லுக்குச் சொல் இடைவெளி உண்டு. பாட்டு வேறு, உரை வேறு என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஏட்டுச் சுவடியில் இவற்றுள் ஒன்றும் இல்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும். ஆதலின் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலே எழுதினர். நெடிலைக் காட்டும் காலும் ரகரமும் ஒரே வடிவின. எனவே, பாவை என்று எழுதினும் பரவை என்று எழுதினும் ஓலையில் ஒன்று போலவே தோன்றும். முன்னது பதுமை, பின்னது கடல். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. செறு என்றால் வயல். அதுவே சேறு எனவும் படிக்க இடம் தரும். வயலும் சேறும் ஒருங்கே உள்ள தஞ்சை நாட்டில் இரண்டில் எதுவும் பொருந்தும் அன்றோ? எது கவிஞரின் சொல் என்பதை யாப்பும் இடமும் பிற பிரதிகளும் கொண்டே துணிய வேண்டும்.

இவற்றோடு, ஏடு எழுதினோர் செய்த பிழைகளும் உண்டு. பாட்டு முடிந்த இடம் தெரியாமல் உரை தொடரும்; உரைக்கு நடுவே, நச்சினார்க்கினியர் நூற்பெயர் சொல்லாமல் எடுத்துக்காட்டிய வேறு நூலடிகள் வரும். ஐயர் அவ்வடிகளையெல்லாம் தொகுத்து வைத்தார். அவை எந்த நூலைச் சார்ந்தவை என்று தேடிச் சென்ற வழியில்தான் பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அவருக்கு நன்கு புலப்பட்டன. ஒருவர் ஒரு பிரதியைப் படிக்க, மற்றவர்கள் வேறு பிரதிகளை ஒப்புநோக்குவார்கள். வேறுபாடு தோன்றும் இடத்தை ஐயர் குறித்துக்கொள்வார். சிந்தாமணி சமண நூல். அதன் கருத்துகள் விளங்காதபோது, அந்நூலைப் போற்றி ஓதிவந்த கும்பகோணத்துச் சமணர்களை நாடி, ஒரு மாணவரைப் போல அவர்களிடம் கேட்டறிந்தார். கல்லூரி ஆசிரியர் என்னும் பெருமை அவருக்குத் தடையாகவில்லை.

அந்நூல் 1887இல் சென்னையில் அச்சாகி முற்றுப்பெற்றது. அச்சுக்கு முன் வரும் தாள்களைத் திருத்தும் வேலை கண்ணுக்கு வருத்தம் தருவது. ஓர் எழுத்துப் பிழை ஆயிரம் படிகளில் ஆயிரம் பிழையாகப் பெருகும். சுவடியோ செல்லரித்து உதிர்ந்துகொண்டிருந்தது. மூல ஏடு அழிந்தபின் தவறான சொல்லே கவிஞரின் சொல்லாக நிலைத்துவிடும்.

பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும்போது நிகழ்ந்தது ஒன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த மலர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அவை தொண்ணூற்றொன்பது என்பர். ஐயருக்குக் கிடைத்த பிரதிகளில் அவ்வரிசையின் நடுவே ஒரு பகுதி இல்லை. யாப்பிலக்கணத்தில் வல்ல அவருக்கு, ஓசை பிறழாமல் சில பூக்களின் பெயரைத் தாமே அமைத்துவிடுதல் அரிய செயலன்று. அமைத்திருந்தால் அதனை அறிந்துகொள்வார் ஒருவரும் இலர். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஊர் ஊராகப் பிரதி தேடினார். மாயூரத்தை அடுத்த தருமபுர ஆதீனத்து ஏடுகளில் அம்மலர்கள் கிடைத்தன. 1889இல் பத்துப்பாட்டு வெளிவந்தது.

தேடியும் கிடைக்காதவை பல. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் மறைந்துபோயின. வேறு சில பாட்டுகளில் அடிகள் சிதைந்திருந்தன. 1894இல் அந்நூலை வெளியிட்டபோது, சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டு வெற்றிடமாகவே காட்டினார். ஒரே இடத்தில் இருவகைப் பாடம் இருப்பின், தாம் கொள்ளாத பாடத்தையும் அடிக்குறிப்பில் தந்தார். பொருள் விளங்கவில்லை என்பதற்காகச் சொல்லை மாற்றும் பதிப்பாளர் படிப்பவருக்கு உதவி செய்வதாக எண்ணலாம். நாளை வரும் ஓர் அறிஞர் அச்சொல்லின் பொருளைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பையோ அவர் அழித்துவிடுகிறார். ஐயரின் பதிப்புகள் இன்றும் நமக்குப் பயன்படுவதற்கு இந்த நேர்மையே முதற் காரணம் எனலாம்.

அவர் மூலத்தைத் தந்து அமைந்துவிடவில்லை. நூலாசிரியர் வரலாறு, அரும்பத அகராதி, மேற்கோள் விளக்கம் முதலியவற்றைச் சேர்த்துப் படிப்பவரின் இடர்ப்பாட்டைக் குறைத்தார். மணிமேகலைக்குப் பழைய உரை இல்லை. எனவே தாமே குறிப்புரை எழுதினார். பௌத்த சமயக் கருத்துகளை, உடன் பணியாற்றிய ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் படித்து அவருக்கு விளக்கினார். 1898இல் அந்நூலுடன் புத்தரின் வரலாற்றையும் பௌத்த தருமத்தையும் எளிய உரைநடையில் எழுதி வெளியிட்டார். பண்டிதர் பலர் நீண்ட வாக்கியங்களும் கடுஞ்சொற்களும் புணர்ந்த நடையைப் பெருமையாகக் கருதிய காலம் அது. பழந்தமிழின் அருஞ்சொற்களில் அவரினும் மிகத் தோய்ந்தவர் அரியர். ஆயினும், தாம் எழுதும்போது சிறு வாக்கியங்களையும் வீட்டில் வழங்கும் சொற்களையுமே விரும்பினார். முதுமையில் வரைந்த கட்டுரைகளிலும் தன்வரலாற்றிலும் இத்தெளிவு மிகுதி. அவற்றுள் ஆடம்பரமான ஒரு பத்தியைத் தேடினாலும் காண்பது அரிது.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று, 1919வரை அங்கே பணியாற்றினார். 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்றார். எண்பதைக் கடந்த பின்னரும் பதிப்பு வேலை நிற்கவில்லை. 1937இல் குறுந்தொகை அவருடைய உரையோடு வெளிவந்தது. 1940 முதல் ஆனந்த விகடனில் என் சரித்திரம் என்னும் தன்வரலாற்றை வாரந்தோறும் எழுதிவந்தார். போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றவர், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அங்கே மறைந்தார். தன்வரலாறு முற்றுப்பெறாமலே நின்றது. அவர் சேர்த்த ஏடுகளும் குறிப்புகளும் 1943இல் அவர் பெயரால் நிறுவப்பெற்ற நூல்நிலையத்தில் வைக்கப்பெற்றன. அந்நிலையம் சென்னை பெசன்ட் நகரில் உள்ளது.